எல்லைக்கல்லின் இருபுறமும் ஸ்ரீபண்டாரவகை



என் அம்மாவைப் பெற்றவரை நாங்கள் அம்மும்மா என்று அழைப்போம். களியக்காவிளைப் பக்கம் ஒரு விளையில் அவர் வீடு. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குப் பிரமாணப் பெட்டி என்று பெயர். சித்திரை வெயிலில் ஒரு நாள் பாயை விரித்துப் பெட்டியில் உள்ள காகிதங்களை உலர்த்துவார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் எந்தக் காகிதம் எந்த விளைக்கு உரியது என்று ஓரம் கிழிந்திருக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவற்றில் மூத்த காகிதம் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் முத்திரைத்தாள். கொல்லம் ஆண்டு 1078 என்று தொடங்கும். தமிழில் எழுதி, இடையிடையே மலையாளச் சொல் கலந்த வாசகம். கிழக்கே ஓடை, தெற்கே கொல்லன் விளை, மேற்கே ஏலாக்கரை வரப்பு, வடக்கே ஒற்றைப்பனை என்று நான்கெல்லை. பிறகு மரக்கணக்கு: தென்னை 11, பனை 23, பிலா 3. வரி பணத்திலும் சக்கரத்திலும். நான்கு சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய் என்ற கணக்கை அம்மும்மாதான் எனக்குச் சொல்லித் தந்தார்.

அந்தப் பிரமாணத்தில் இரண்டு துண்டு நிலம் உண்டு. ஒன்று விளவங்கோடு தாலுகாவில், மற்றது நெய்யாற்றின்கரை தாலுகாவில். முதலாவது அம்மும்மாவுக்கு வந்தது, இரண்டாவது அவருடைய அண்ணனுக்குப் போனது. இரண்டுக்கும் வகை ஒன்றுதான்: ஸ்ரீபண்டாரவகை. 1956 நவம்பர் 1 அன்று காலையில் அண்ணன் கேரளத்திலும் தங்கை மதராஸ் மாநிலத்திலும் இருந்தார்கள். நிலம் நகரவில்லை, எல்லைதான் வந்தது. இன்றைய என் பேச்சு அந்த ஒரு சொல்லைப் பற்றியது: ஸ்ரீபண்டாரவகை. மன்னர் காலத்து நிலக்கொடை ஒன்று, மன்னர் போன பிறகும், மாநிலம் பிரிந்த பிறகும், எப்படி வாழ்ந்தது, யாரைத் தாங்கியது, யாரை விட்டுவிட்டது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

பண்டாரம் என்றால் கருவூலம். பண்டாரவகை நிலம் அரசின் நிலம். முன்னால் ஸ்ரீ சேர்ந்தால் அது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலம். அந்த ஓர் எழுத்துக்காக எத்தனை வழக்கு நடந்திருக்கிறது என்பது இங்கே பழைய ஆதாரம் எழுதிய குடும்பங்களுக்குத் தெரியும். கோயில் நிலத்தை ஒரு காலத்தில் எட்டரை யோகம் என்ற சபை நிர்வகித்தது. வரி தண்டும் அதிகாரம் எட்டு வீட்டுப் பிள்ளைமார் கையில் இருந்தது. அவர்களுடைய பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்: பள்ளிச்சல் பிள்ளை, வெங்ஙானூர் பிள்ளை, குளத்தூர் பிள்ளை, கழக்கூட்டத்துப் பிள்ளை. பாதிப் பெயர்கள் நம் பஸ் போகும் ஊர்கள். நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் நிற்கும் அம்மச்சிப் பிலாவின் பொந்தில் ஒளிந்துதான் மார்த்தாண்ட வர்மா இந்தப் பிள்ளைமாரின் ஆட்களிடமிருந்து தப்பினார் என்று ஊர் சொல்கிறது. 1729இல் அரசரான பிறகு அவர் பிள்ளைமாரை அழித்தார், அவர்களுடைய நிலத்தைக் கைப்பற்றினார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாளால் பிடித்ததை அவர் ஏட்டில் பதியச் செய்தார். கொல்லம் 914இல், அதாவது 1739 வாக்கில், நாடு முழுவதற்கும் முதல் நிலக்கணக்கு எடுக்கப்பட்டது. அதற்கு ஒழுகு என்று பெயர். எடுத்தவர் நம் பக்கத்துக்காரர், பள்ளிச்சல் மல்லன் சங்கரன். கோயிலுக்குரிய தேவஸ்வம் எது, பிராமணருக்குரிய பிரம்மஸ்வம் எது, தானம் எது, பண்டாரவகை எது என்று பிரித்து எழுதியது அந்தக் கணக்கு. பதினோரு ஆண்டு கழித்து, கொல்லம் 925 மகரம் 5, ஆங்கிலக் கணக்கில் 1750 ஜனவரி, மார்த்தாண்ட வர்மா தன் வாளைக் கோயில் படியில் வைத்து நாட்டையே பத்மநாபனுக்கு அர்ப்பணித்தார். திருப்படிதானம் என்று அதைச் சொல்கிறோம். பக்திச் செயலாக அதைக் கொண்டாடுவது ஒரு பக்கம். நிலவரலாறு படிப்பவன் அதில் வேறொன்றையும் பார்க்கிறான். பள்ளிச்சல்காரரின் கணக்கு முதலில் வந்தது, கொடை பிறகு வந்தது. என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே கொடுத்திருக்கிறார்கள்.

அன்று தொடங்கி நிலம் எத்தனையோ பெயரில் பிரிந்தது. வரியில்லாத நிலம் கரமொழிவு. அரண்மனைக்கும் கோயிலுக்கும் ஊழியம் செய்பவனுக்குக் கொடுத்தது விருத்தி. அரசரின் சொந்த வேளாண்மை கண்டுகிருஷி. சேவைக்குப் பரிசாகக் கொடுத்தது அனுபோகம். பெரிய கொடை என்றால் கிளிமானூர். திருவனந்தபுரத்துக்கு வடக்கே ஒரு நிலப்பரப்பே 1753இல் அரச குடும்பத்தோடு மணவுறவு உள்ள கிளிமானூர் அரண்மனைக்கு வரி விலக்கோடும் தன்னாட்சியோடும் விடப்பட்டது. இடவகை என்று அதற்குப் பெயர். ஓவியர் ரவி வர்மா பிறந்த மண் அதுதான். கிளிமானூர், பூஞ்ஞாறு, இடப்பள்ளி, வஞ்ஞிப்புழை ஆகிய இடவகைகளின் உரிமைகள் 1955இல் சட்டம் போட்டு எடுக்கப்பட்டன. இரண்டு நூற்றாண்டு நின்ற கொடை.

ரவி வர்மா பிறந்தது 1848 ஏப்ரலில். அதே ஆண்டு பிப்ரவரி 2 அன்று உலகின் மறுகோடியில் மெக்சிகோவும் அமெரிக்காவும் குவாதலூப்பே இதால்கோ என்ற இடத்தில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. கலிபோர்னியா அமெரிக்காவின் கைக்குப் போனது. அதற்கு முந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் மெக்சிகோவின் ஆளுநர்கள் அங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு மாட்டுப் பண்ணை நிலம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ராஞ்சோ என்பார்கள். கிறிஸ்தவ மடங்களின் கையில் கிடந்த நிலத்தை 1833க்குப் பிறகு அரசு எடுத்ததால்தான் அவ்வளவு கொடுக்க முடிந்தது. ஒருவருக்கு அதிகபட்சம் 11 சதுர லீக். ஒரு சதுர லீக் என்றால் ஏறத்தாழ 4,428 ஏக்கர். விண்ணப்பத்தோடு கையால் வரைந்த படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதில் ஓடை இருக்கும், குன்று இருக்கும், தனியாக நிற்கும் மரம் இருக்கும். குதிரையில் இரண்டு பேர் கயிறு பிடித்து ஓடி அளப்பார்கள். அந்தப் படங்களின் அச்சுப் பிரதியை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு அம்மும்மாவின் ஒற்றைப்பனைதான் ஞாபகம் வந்தது.

உடன்படிக்கை, இருப்பவர்களின் சொத்துரிமையை மதிப்போம் என்றது. 1851இல் வந்த அமெரிக்கச் சட்டமோ, நிலம் உன்னுடையது என்று நீயே நிரூபி என்றது. 813 கோரிக்கைகள் போயின. 604 ஏற்கப்பட்டன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இறுதிப் பட்டயம் கைக்கு வரச் சராசரியாக 17 ஆண்டுகள் ஆயின. அதற்குள் வக்கீல் கூலியும் வட்டியும் வரியும் சேர்ந்து பல குடும்பங்களின் நிலத்தைத் தின்றுவிட்டன. வழக்கில் ஜெயித்தவர்கள்கூட நிலத்தை இழந்தார்கள். அந்தப் பண்ணைகளில் மாடு மேய்த்து, தோலுரித்து, சுவர் கட்டிய பூர்வகுடிகளின் கதை இன்னும் மோசம். அவர்களோடு அரசு செய்துகொண்ட 18 உடன்படிக்கைகளை அமெரிக்க செனட் ஏற்கவே இல்லை. காகிதம் வைத்திருந்தவனுக்கு வழக்காவது இருந்தது. காகிதமே இல்லாதவனுக்கு வழக்கும் இல்லை.

இந்தத் தொலைதூரக் கதையை நான் இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. நம் மண்ணின் கதையையும் இதே இரண்டு கேள்வியால் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். ஆட்சி மாறும்போது கொடை என்ன ஆகிறது? உழைத்தவனின் பெயர் ஏட்டில் எங்கே இருக்கிறது?

நம்மிடம் ஏடு பழையது. பாறசாலையிலிருந்து தெற்கே போனால் முஞ்சிறை, பார்த்திவபுரம். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் அங்கே ஒரு விண்ணகரமும், 95 மாணவர் தங்கிப் படிக்கும் சாலையும் அமைத்தான். அதற்கான இடத்தை அவன் பிடுங்கிக்கொள்ளவில்லை. முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து, அவர்களுடைய நிலத்தைப் பெற்றான். அந்த நிலத்தின் பெயர் உழக்குடிவிளை. செப்பேட்டில் இருக்கிறது. விளை என்ற சொல்லைக் கவனியுங்கள். களியக்காவிளை, நம் வீட்டு விளை, கொல்லன் விளை எல்லாம் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக இதே மண்ணில் புழங்கும் தமிழ்ச் சொல். சோழர் செப்பேடுகளில் கொடை நிலத்தின் எல்லையைப் பெண் யானையை நடத்திக் காட்டுவது வழக்கம். ஊர்ப் பெரியவர்கள் கூடவே நடந்து, இந்தப் புற்றுக்கு மேற்கு, இந்த வாய்க்காலுக்குத் தெற்கு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். கலிபோர்னியாவில் குதிரை, காவிரிக்கரையில் பிடி. எல்லையை மனிதர் சாட்சியாக நடந்து பார்த்த காலம் அது.

ஆட்சி மாற்றத்துக்கு வருவோம். 1811இல் கர்னல் மன்றோ திருவிதாங்கூரின் திவானானார். கோயில் நிர்வாகம் சீர்கெட்டிருக்கிறது என்று சொல்லி நூற்றுக்கணக்கான தேவஸ்வங்களையும் அவற்றின் நிலத்தையும் அரசு ஏற்றது. நிலத்தின் வருமானம் கஜானாவுக்குப் போனது, கோயில் செலவுக்கு அரசு பணம் கொடுத்தது. அந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்றால் நம்புவீர்களா? இந்திய அரசியலமைப்பின் 290ஏ பிரிவைப் படியுங்கள். கேரளம் ஆண்டுதோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும். தமிழ்நாடு 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தன் பக்கம் வந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தர வேண்டும். மாநில எல்லை பிரிந்த 1956இல் சேர்த்த பிரிவு அது. நிலத்தைப் பிரித்ததோடு நில்லாமல் பழைய கொடையின் பொறுப்பையும் பங்கு போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

குடியானவனுக்கு முதல் வெளிச்சம் 1865 ஜூன் 2 அன்று வந்தது. ஆயில்யம் திருநாள் காலத்தில், மாதவ ராவ் திவானாக இருந்தபோது, பண்டாரப்பாட்ட விளம்பரம் என்ற அரச அறிவிப்பு வெளியானது. அதுவரை பண்டாரவகை நிலத்தை உழுதவன் பாட்டக்காரன்தான், விற்க உரிமை கிடையாது. விளம்பரத்துக்குப் பிறகு வரியைக் கட்டும் வரைக்கும் நிலம் அவனுடையது. விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைகளுக்கு எழுதலாம். தென்திருவிதாங்கூரில் பனையேறியவர்களும் விளையில் மரச்சீனி நட்டவர்களும் பிரமாணம் எழுதத் தொடங்கியது இந்த அறிவிப்புக்குப் பிறகுதான். நம் முன்னோர் பலருடைய தகரப் பெட்டி அப்போதுதான் பிறந்தது. மலபாரில் நில உடைமையாளரான ஜன்மிக்கும் குடியானுக்கும் இடையே வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே நிலம் பெரும்பாலும் சர்க்காருடையதாக இருந்தது. அதனால்தான் ஒரே கையெழுத்தில் இவ்வளவு செய்ய முடிந்தது. ஜன்மி நிலங்களுக்கு 1867இல் தனி விளம்பரம் வந்தது, 1896இல் சட்டமே வந்தது. ஸ்ரீபண்டாரவகையோ தனி வகையாகவே நீடித்தது.

ஆனாலும் மனம் ஆறவில்லை. 1865இல் உரிமை பெற்றவன் பாட்டக்காரன். அந்தப் பாட்டக்காரனின் வயலில் இறங்கிச் சேற்றை மிதித்தவன் யார்? 1855 வரைக்கும் அவன் சட்டப்படி அடிமை. ஜன்மம், காணம், பாட்டம் என்று நிலத்தைக் கைமாற்ற வைத்திருந்த அதே மூன்று முறையில் ஆளையும் கைமாற்றினார்கள். நிலத்தின் ஏட்டில் அவன் மரக்கணக்கைப் போல ஒரு கணக்கு. 1853இல் சர்க்கார் அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகள் அடிமைகள் இல்லை என்றும், 1855இல் அடிமைமுறையே இல்லை என்றும் அரச அறிவிப்புகள் வந்தன. விடுதலை கொடுத்தார்கள், நிற்க ஒரு பிடி மண் கொடுக்கவில்லை.

அந்த மண்ணைக் கேட்டவர் அம்மக்களிடையே வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி. பிள்ளைமார் ஒருவரின் பெயரைத் தாங்கிய அதே வெங்ஙானூர். 1893இல் வில்லுவண்டி ஏறித் தன் மக்களுக்குத் தடுக்கப்பட்ட பொதுவழியில் போனார். 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை அமைத்தார். பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து அழைத்துப்போன ஊரூட்டம்பலம் பள்ளி காட்டாக்கடையிலிருந்து சில மைல்தான். பிள்ளையைச் சேர்த்ததற்காக அந்தப் பள்ளிக்குத் தீ வைத்தார்கள். ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராக அவர் திரும்பத் திரும்பக் கேட்டது புதுவல் நிலம். யார் பேரிலும் பதியாத தரிசைத் தன் மக்களுக்குப் பதித்துத் தரச் சொன்னார். அவர் வரலாற்றை எழுதியவர்கள், விளப்பில் பகுதியில் 500 ஏக்கர், குடும்பத்துக்கு ஓர் ஏக்கர் வீதம் கிடைத்தது என்று குறிக்கிறார்கள். விளப்பில் இன்று காட்டாக்கடை தாலுகாவில் இருக்கிறது. நம் தாலுகாவின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிலக்கொடை அதுதான். மார்த்தாண்ட வர்மாவின் கொடைகளை விடவும் அதை மேலாகச் சொல்வேன். கேட்டு வாங்கிய கொடை அது.

இன்னொருவரையும் விட்டுவிடக் கூடாது. குற்றிச்சலைத் தாண்டிக் கோட்டூர்க் காட்டில் வாழும் காணிக்காரர்கள். தேனும் மெழுகும் மலையிலிருந்து இறக்கிக் கொடுத்தவர்கள். தேக்கு, ஈட்டி, சந்தனம் எங்கே முளைத்தாலும் அரசருக்கு என்று சட்டம் இருந்த நாட்டில், அந்த மரங்களுக்கு நடுவே பிறந்தவர்களுக்கு நிலப்பத்திரம் இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்த பிறகே அவர்களுடைய உரிமையைச் சட்டம் கணக்கில் எடுத்தது.

இனி என் குடும்பத்து இரண்டு துண்டு நிலம். தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டவர்களை 1954இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் போலீஸ் சுட்டது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. தெற்கே கிடைத்தது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். பாறசாலைத் தமிழர் கேரளத்தில் நின்றார்கள், விளவங்கோட்டு மலையாளிகள் தமிழ்நாட்டுக்குள் வந்தார்கள். இருபுறமும் யாரும் விரட்டப்படவில்லை என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம். கலிபோர்னியாவைப் போல இங்கே எவரையும், நிலம் உன்னுடையது என்று நிரூபி என்று கூண்டில் ஏற்றவில்லை.

ஆனால் சட்டம் இரண்டாகக் கிளைத்தது. அம்மும்மாவின் விளை, தமிழகத்தின் 1964ஆம் ஆண்டுக் கன்னியாகுமரி ஸ்ரீபண்டாரவகை நில ஒழிப்புச் சட்டப்படி, அரசுக்கே நேராக வரி கட்டும் ரயத்துவாரி நிலமானது. கோயிலுக்கும் அவருக்கும் இடையே இருந்த சரடு அறுந்தது. பட்டா வந்தது. அண்ணனுக்கு அந்த நாள் வர ஏழு ஆண்டு பிந்தியது. இடையில், 1970 ஜனவரி 1 முதல், கேரளம் ஜன்மிமுறையையே ஒழித்துவிட்டது. பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருந்த குடிகிடப்புக்காரருக்குக் கிராமத்தில் 10 செண்ட் வாங்கும் உரிமையும் வந்தது. ஸ்ரீபண்டாரவகைக்கு 1971இல்தான் தனிச் சட்டம். நிலம் முதலில் அரசிடம் சேர்ந்து, பிறகு கைவசக்காரருடையதாக ஆனது. ஒரே பிரமாணத்தில் பிறந்த இரண்டு துண்டில் ஒன்றுக்குப் பட்டா, சிட்டா, அடங்கல். மற்றதற்குத் தண்டப்பேர், போக்குவரவு, கரம் தீர்த்த ரசீது. அண்ணனும் தங்கையும் ஓணத்துக்கும் பொங்கலுக்கும் சந்தித்தால் இந்தக் காகிதப் பெயர்களைத்தான் ஒப்பிட்டுப் பேசுவார்கள். தங்கையின் பட்டா முதலில் வந்ததில் அண்ணனுக்குக் கடைசி வரை ஒரு தாங்கல்.

தண்ணீரும் இதில் சேரும். நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்காகவும் வெட்டப்பட்டது. 2004 முதல் அதில் தமிழகத்துப் பங்கு வருவதில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தின் வகையைப் பங்கிட முடிந்த இரண்டு மாநிலங்கள் ஆற்றையும் பங்கிட முடியும் என்றே நான் நம்புகிறேன்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூரின் நிலக்கொடைகள் குடியானவனை உயர்த்தின. உலகத்தில் பல நாடுகளில் நடக்காத அளவுக்குச் சின்ன மனிதனின் கையில் காகிதம் வந்தது. அதே கொடைகள் வயலில் உழைத்தவனை 10 செண்டில் நிறுத்தின. இரண்டும் உண்மை. நம் ஊர் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது.

இதை எழுத ஆதாரம் வேண்டும். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஏடுகள் கேரள ஆவணக் காப்பகத்தில் சுருணை சுருணையாக இருக்கின்றன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, தமிழ் என்று பல எழுத்தில். 2022இல் திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் ஓலைச்சுவடி அருங்காட்சியகமும் திறந்தார்கள். மாணவர்கள் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே இருப்பது கொடுத்தவரின் கணக்கு. வாங்கியவரின் கணக்கு நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது. புதுவல் பதிந்த காகிதமும், ஒற்றிச் சீட்டும், 10 செண்டுக்குக் கிடைத்த பட்டயமும் எந்தக் காப்பகத்திலும் கிடையாது.

அம்மும்மா இறந்த பிறகு பெட்டியைத் திறந்தபோது சங்கு முத்திரைத் தாளின் பாதியைக் கரையான் அரித்திருந்தது. வடக்கெல்லையும் மரக்கணக்கும் போய்விட்டன. இரண்டும் எனக்கு மனப்பாடமாக இருந்ததால் இன்று உங்களிடம் சொல்ல முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அதைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு காகிதத்தையும் இருபுறமும் படம் எடுங்கள். நான்கெல்லையைப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி, அந்த ஓடையும் மரமும் எங்கே இருந்தன என்று கேட்டு எழுதுங்கள். படங்களில் ஒரு பிரதியை உங்கள் கல்லூரி வரலாற்றுத் துறையிடம் கொடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் செய்யுங்கள்.